எட்டுப் பெண்களும் ஓர் அஜ்ஜியும்

எங்கள் பக்கத்துச் சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்க எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? ‘தமிழ் போதாதா?’ என்று கேட்டால் நீங்கள் வெளியூர்க்காரர். விலை கேட்பது தமிழில். பேரம் தெலுங்கில். தக்காளிக்காரம்மா தன் மகனிடம், ‘ரெண்டு சொத்தையும் சேர்த்துப் போடு’ என்று சொல்வது கன்னடத்தில். அதைக் கேட்டுப் பக்கத்து வெங்காயக் கடை பாய் கிண்டலடிப்பது உருதுவில். இந்த நாலும் ஓரளவு காதில் ஏறினால்தான் நல்ல தக்காளி வீடு வந்து சேரும்.

தேன்கனிக்கோட்டை! ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ‘பேரைக் கேட்டாலே நாக்கு இனிக்குதேப்பா’ என்பார்கள் சென்னை நண்பர்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ‘டெங்கணிகோட்டா’ என்றுதான் சொல்வார்கள். அதில் தேனும் இல்லை, கனியும் இல்லை. 1799-ல் திப்பு சுல்தான் வீழும்வரை இது மைசூர்ச் சீமை. அப்புறம் கும்பெனி, சேலம் ஜில்லா, தர்மபுரி மாவட்டம், 2004-லிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மேலே மாட்டியிருந்த போர்டுதான் மாறிக்கொண்டே வந்தது. பேட்டராய சுவாமி கோயிலும் இங்கேதான், யாரப் தர்காவும் இங்கேதான். தட்டில் விழுகிற ஒரே ராகி உருண்டைக்கு ஒரு வீட்டில் களி, அடுத்த வீட்டில் முத்தெ, அதற்கடுத்த வீட்டில் சங்கட்டி என்று பெயர்.

இப்படிப்பட்ட ஊர் வெளியாட்களோடு சேர்ந்து வாழ்வதில் டாக்டர் பட்டமே வாங்கியிருக்க வேண்டும், இல்லையா? வாங்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2023 ஜனவரி கடைசியில் எங்கள் தெருப் பெரியவர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்து முடிக்கும்வரை மழை, மாடு, மருமகன் என்று பொதுவாகப் பேசினார்கள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“சார், நீங்க பத்திரிகைக்காரர். ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும். நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுர்றோம்.”

யாருக்கு லெட்டர்? தெருக்கோடி மாடி வீட்டு ஓனருக்கு. என்ன விஷயம்? மாடியில் குடியிருக்கும் எட்டு ஜார்க்கண்ட் பெண்களைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும். ஏன்? காரணங்கள் வரிசையாக வந்தன. ராத்திரி 2 மணிக்குக் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. நடுராத்திரியில் போனில் சத்தமாகப் பேசுகிறார்கள். கருவாட்டு வாடை தாங்க முடியவில்லை. (இந்தத் தெருவில் கருவாடு வாங்காத வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனாலும் வெளிமாநிலக் கருவாடு வேறுதானே!) கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்: “மரியாதை தெரியாத பிள்ளைங்க சார். பெரியவங்க சின்னவங்க இல்ல. என்னைப் பார்த்து ‘தள்ளு’ங்குது ஒரு பொண்ணு!”

சொன்னவருக்கு வயது 71. கண்ணில் தண்ணீர் வராத குறை.

நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பார்க்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. வீட்டு ஓனரின் கணக்கு எனக்குத் தெரியும். குடும்பத்துக்கு விட்டால் 8,000 வாடகை. எட்டுப் பெண்களுக்குத் தலைக்கு 2,000 என்று விட்டால் 16,000. அவர் காலி பண்ணச் சொல்ல மாட்டார். தெருவின் கணக்கும் புரிந்தது. அந்தப் பெண்களின் கணக்குதான் யாருக்கும் தெரியவில்லை. “ஒரு வாரம் டைம் குடுங்க, விசாரிச்சுட்டு எழுதறேன்” என்றேன்.

விசாரித்ததைச் சொல்லுமுன், இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஐபோனுக்கு உடம்பு செய்கிற டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 நவம்பரில், பிர்ஸா முண்டா பிறந்த நாளன்று பேசிய மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர்ப் பக்கம் வரும் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹஸாரிபாக் வட்டாரத்துப் பழங்குடிப் பெண்கள் என்று அறிவித்தார். ஒரு பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றிச் சின்ன ஆலைகள், அவற்றுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட்கள், ஆட்கள் தங்க மாடி வீடுகள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். எங்கள் தெருவின் எட்டுப் பேர் அப்படி ஒரு சின்ன ஆலைக்கு வந்தவர்கள். ஹட்டியாவில் ரயில் ஏறி, பெங்களூரில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, தாங்கள் இருப்பது எந்த மாநிலம் என்பதிலேயே இரண்டு பேருக்குச் சந்தேகமாம். நியாயமான சந்தேகம். எங்களுக்கே அவ்வப்போது வரும்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் மணிப்பாலுக்குக் கூட்டிப் போகிறேன், வாருங்கள்.

2000-களின் நடுவில் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். கடலோரக் கர்நாடகத்தின் அந்தச் சின்ன ஊரில் எங்கே பார்த்தாலும் மலேசிய முகங்கள். 1997-ல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். படிப்பில் பாதி மணிப்பாலில், மீதி மலேசியாவில். சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லோரும் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய பிரச்னை இல்லை. மலாய்ப் பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்கு ஆர்வம். ஒரு டீக்கடையில் நாலு பேரைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் என் கண்ணில் பட்டது கட்டை விரல். ‘போஸ்ட் ஆபீஸ் எங்கே?’ என்றால் நாம் ஆள்காட்டி விரலை நீட்டுவோம். அவர்கள் நாலு விரலையும் மடக்கி, கட்டை விரலால் காட்டினார்கள். மலாய் வழக்கத்தில் ஆள்காட்டி விரலை நீட்டுவது மரியாதைக் குறைவு. ‘இங்கே எல்லாரும் எங்களை விரல் நீட்டிக் கூப்பிடுறப்போ முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு’ என்றாள் முக்காடு போட்ட ஒரு பெண். இப்போது? ‘இப்போ பழகிருச்சு. லீவுல வீட்டுக்குப் போனப்போ நானே விரலை நீட்டி, அம்மாகிட்ட திட்டு வாங்கினேன்!’

அவர்கள் அறையில் பெட்டியைத் திறந்தால் துணிமணிக்கு நடுவே சம்பல் பாட்டில்கள், நெத்திலிக் கருவாடு, மைலோ டப்பா. அலமாரி ஓரத்தில் குட்டி ரைஸ் குக்கர். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போக முடியாதது பெரிய ஏக்கம். ‘பாலிக் கம்போங்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொந்தக் கிராமத்துக்குத் திரும்புதல் என்று அர்த்தம். பெருநாள் சமயத்தில் மலேசியாவே மூட்டை கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கும். நம் தீபாவளிக் கோயம்பேட்டை அப்படியே நாடு பூராவும் விரித்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்நிய மொழி என்று பயந்து வந்தவர்கள் வாயிலேயே நம் சொற்கள் இருந்தன. கடைக்கு ‘கெடாய்’. கப்பலுக்கு ‘காப்பால்’. கோயிலுக்கு ‘குயில்’. காமர்ஸ்காரனான என்னைத் துள்ள வைத்தது ‘மோடால்’. அதாவது மூலதனம். நம் ‘முதல்’தான் கப்பலேறிப் போய் அங்கே மோடாலாகியிருக்கிறது. நம் செட்டியார்கள் கொண்டுபோன முதலில் வட்டி போக மிச்சம் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியூர் வாழ்க்கை பற்றி மலாயில் இரண்டு பழமொழிகள் உண்டு. ‘எந்த மண்ணை மிதிக்கிறாயோ, அந்த வானத்தைத் தலையில் தாங்கு’ என்பது ஒன்று. ‘அடுத்த நாட்டில் பொன் மழை பெய்தாலும், சொந்த நாட்டில் கல் மழை பெய்தாலும், சொந்த நாடே மேல்’ என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ‘இதில் எது சரி?’ என்று கேட்டேன். ‘செமஸ்டர் ஆரம்பத்தில் முதலாவது, பரீட்சை சமயத்தில் இரண்டாவது’ என்றான் ஒரு பையன். பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

பேராசிரியர்கள் சொன்னதையும் கேளுங்கள். கலாசார அதிர்ச்சி என்ற சொல்லைப் பிரபலப்படுத்தியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பற்றிப் பேசினார். முதலில் தேனிலவு, அப்புறம் எரிச்சல், அப்புறம் மெல்லத் தேறுதல், கடைசியில் பழகிப்போதல் என்பது அவர் கணக்கு. 1955-ல் நார்வேக்காரர் ஸ்வெர் லிஸ்கார்ட், ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போய் வந்த 200 பேர் சொச்சத்தை விசாரித்தார். போய் ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் சந்தோஷமாக இருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அல்லாடினார்கள். வரைபடம் போட்டால் ஆங்கில ‘யு’ எழுத்து மாதிரி ஒரு பள்ளம். 1990-களில் கோலீன் வார்ட் என்ற உளவியலாளர், நியூஸிலாந்தில் படித்த மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களையும் ஆராய்ந்தார். மனசு நிம்மதியாக இருப்பது வேறு, பஸ் பிடித்துக் கடைக்குப் போய்க் காரியம் பார்க்கத் தெரிவது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று பிரித்துக் காட்டியவர் அவர். எனக்கு இந்தப் பாகுபாடு ரொம்பப் பிடிக்கும். நம் வீட்டிலேயே பாருங்களேன், வெளிநாட்டில் கார் ஓட்டி, வீடு வாங்கி, வரி கட்டி எல்லாம் சரியாகச் செய்கிற பையன், ஞாயிற்றுக்கிழமை போனில் ‘ம்… ம்…’ என்று மட்டும் பேசுவான்.

சரி, தெருக்கோடி மாடிக்கு வருவோம்.

போனபோது மாலை 5 மணி. வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு, ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசையாக. என்னுடையது தூர்தர்ஷன் ஹிந்தி. அவர்களுக்கும் ஹிந்தி இரண்டாவது மொழிதான் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. சுவரில் ஓர் இயேசு படம். பக்கத்தில் ஒரு காகிதத்தில் ஒட்டி வைத்த காய்ந்த பூ. அது சால் மரத்துப் பூவாம். வசந்தத்தில் வரும் சர்ஹுல் பண்டிகைக்குப் பூசாரி கொடுப்பதாம். எட்டில் ஐந்து பேர் கிறிஸ்தவர்கள், மூன்று பேர் மரத்தையும் மலையையும் கும்பிடும் சர்னாக்காரர்கள். அவர்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அடுப்பு ஒன்றுதான், குக்கர் ஒன்றுதான்.

என்ன கஷ்டம் என்று கேட்டேன். எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னது: ‘இம்லி!’

புளி. சாம்பாரில் புளி, ரசத்தில் புளி, கேன்டீன் குழம்பில் புளி, மீனில் புளி. கடுகு எண்ணெய் கிடைக்காமல் முதல் ஒரு மாதம் நாக்கு செத்துக் கிடந்ததாம். பிறகு கெலமங்கலம் ரோட்டு மளிகைக்காரர் ஒரு பெட்டி வரவழைத்து வைக்க ஆரம்பித்தார். வியாபாரிகள்தான் எப்போதும் முதலில் மொழி கற்கிறார்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஆகவே நிறத்தையும் கண்டக்டர் மீசையையும் அடையாளம் வைத்து ஏறுகிறார்கள். நடுராத்திரிப் போன் ஏன் என்றால், ஷிப்ட் முடிந்து வரும் நேரம் அதுதான். சத்தமாக ஏன் பேச வேண்டும் என்றால், மறுமுனையில் மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. அம்மா ஒரு மேட்டில் ஏறி நின்று கத்துகிறாள். இவளும் கத்துகிறாள்.

அப்புறம் அந்த ‘தள்ளு’ விஷயத்தைக் கேட்டேன்.

மூத்தவளுக்கு 22 வயது. லோஹர்தகா பக்கத்துக் கிராமம். குழப்பமாகப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். “சீக்கிரம். பேசாதே. தள்ளு. வா. போ. எடு. வை. தூங்காதே.” அவ்வளவுதான். நாலு மாதத்தில் கற்ற எட்டுச் சொல்.

எங்கே கற்றாள் என்று நீங்களே ஊகித்துவிட்டிருப்பீர்கள். ஆலையில் சூப்பர்வைசர் அவளிடம் பேசிய தமிழ் அது. அதில் ஒன்றுக்குக்கூட ‘ங்க’ கிடையாது. படியில் நின்ற பெரியவரிடம் ‘வழி விடுங்கள் ஐயா’ என்று சொல்வதாக நினைத்துத்தான் ‘தள்ளு’ என்றிருக்கிறாள். நாம் என்ன தமிழைக் கொடுத்தோமோ, அதையே பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். இதற்குப் பெயர் மரியாதைக் குறைவு என்றால், யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அரை மணி நேரம் ‘ங்க’ வகுப்பு எடுத்தேன். எந்த வினைக்குப் பின்னாலும் வால் மாதிரி ஒட்ட வேண்டும். வாங்க. போங்க. எடுங்க. தள்ளுங்க. எட்டுப் பேரும் கோரஸாகச் சொல்லச் சொல்ல, கீழ் வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

கீழ் வீட்டு அஜ்ஜி. வயது எண்பதைத் தொடுகிறது. வீட்டில் கன்னடம், வாசலில் தெலுங்கு, ரேஷன் கடையில் தமிழ். கருவாட்டு வாடைப் புகாரை முதலில் கிளப்பியதே அவர்தான். அதே வாரத்தில் ஒரு நாள் அஜ்ஜி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண் படியிறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘மடுவா!’ என்று கத்தினாளாம். அவர்கள் ஊரிலும் ராகி உண்டு; பெயர் மடுவா. ரொட்டி தட்டுவார்கள். களி கிண்டுவதை அவள் பார்த்ததில்லை. அஜ்ஜி பார்த்ததில்லை, ராகி ரொட்டியை மூடி போட்டுக் கருக்காமல் இத்தனை மெல்லிசாக ஒருத்தி தட்டுவதை. முறம் கைமாறியது.

அந்தப் பெண்ணை நான் பிறகு கவனித்தேன். அவள் உராவ் இனம். வீட்டில் பேசுவது குடுக் மொழி. இந்த மொழியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சுமார் 20 லட்சம் பேர் பேசும் குடுக், திராவிட மொழி! தமிழ், கன்னடம், தெலுங்குக்குப் பங்காளி. எப்போதோ பிரிந்து வடக்கே தங்கிவிட்ட பெரியப்பா வீட்டு மொழி என்று வையுங்கள். அதில் ‘நான்’ என்பது ‘ஏன்’. ‘நீ’ என்பது ‘நீன்’. பல்லுக்குப் பல்தான். அவள் தோழியைப் பார்த்து ‘நீன்’ என்றதும் அஜ்ஜி திரும்பிப் பார்த்தார். கன்னடத்தில் ‘நீனு’ அல்லவா! “ஏய், இவ நம்ம பாஷை பேசறாடி” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். போதாக்குறைக்கு, அவர்கள் ஊர்ப் பக்கத்துச் சாத்ரி மொழியில் பாட்டிக்கு ‘ஆஜி’ என்று பெயர். மாடிப் பெண்கள் ‘ஆஜி’ என்று கூப்பிட்டார்கள். இவருக்கு ‘அஜ்ஜி’ என்று காதில் விழுந்தது. யாரும் யாரையும் திருத்தவில்லை.

(மற்ற பெண்களில் மூவர் முண்டாக்கள். முண்டாரி வேறு குடும்பம். மலேசியக் காட்டுக்குள் வாழும் ஒராங் அஸ்லி மக்களில் செமாய்க்காரர்கள் பேசும் மொழிக்கு அது தூரத்துச் சொந்தம். மலாய் மொழிக்கு இல்லை. உலகம் ரொம்பச் சின்னது. ஆனால் கோணல் மாணலாகச் சின்னது!)

ஒரு வாரம் முடிந்தது. பெரியவர்களுக்கு ‘தள்ளு’ விவகாரத்தை விளக்கினேன். 71 வயதுக்காரர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. லெட்டர் வேண்டும் என்பதில் இரண்டு பேர் பிடிவாதமாக இருந்தார்கள். “சார், இன்னிக்கு எட்டு. நாளைக்கு எண்பது. அப்புறம் நம்ம பசங்களுக்கு வேலை?” இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டிப்ளமா முடித்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறுவதையும், ஜார்க்கண்ட் பிள்ளைகள் பெங்களூரில் ரயிலிறங்கி இங்கே வருவதையும் நான் தினம் பார்க்கிறேன். தூரத்துப் பெண் லீவு கேட்க மாட்டாள், சங்கம் சேர மாட்டாள், அப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிற்க மாட்டாள் என்பது ஏஜென்டின் கணக்கு. அந்தக் கணக்கின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அதற்கான லெட்டரை மாடிக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். எழுதித் தர மாட்டேன் என்றேன். “அப்ப வேற யாரையாவது வெச்சு எழுதிக்கறோம்” என்று எழுந்து போனார்கள்.

அடுத்து வந்தது 2023 மார்ச்.

ஞாபகமிருக்கிறதா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். தமிழகப் போலீஸ் மறுத்தது, ஹிந்தியிலேயே அறிக்கை விட்டது, வழக்குப் போட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு பொய் ராஞ்சிக்குப் போகிற வேகத்தில் மறுப்பு போவதில்லையே.

மாடியில் போன் அடங்கவே இல்லை. அம்மாக்கள் அழுதார்கள். ‘உடனே கிளம்பி வா’ என்றார் ஓர் அப்பா. இரண்டு பெண்கள் பெட்டி கட்டிவிட்டார்கள். சம்பளம் வர ஒன்பது நாள் இருக்கிறது. இப்போது போனால் அந்த மாதக் காசு போச்சு. போகவில்லை என்றால் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். மூத்தவள் எனக்குப் போன் செய்தாள். நான் ஓசூரில் இருந்தேன். வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

போய்ப் பார்த்தால் எட்டுப் பேரும் கீழ் வீட்டில், அஜ்ஜியின் கூடத்தில். எல்லோர் மடியிலும் தட்டு. தட்டில் களியும் கீரைக் குழம்பும். அஜ்ஜி நடுவில் உட்கார்ந்து, ஒருத்தியின் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மெலிந்த மனிதர், தோளில் துண்டு, பின்னால் ஓட்டு வீடு.

“ஏனூ ஆகில்லா! சென்னாகித்தாரெ! நோடு, நோடு!” ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார்கள், பார், பார் என்று கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டு, கேமராவை ஒவ்வொரு பெண்ணின் முகத்துக்கும் தட்டுக்குமாகத் திருப்பிக் காட்டினார். அந்த மனிதருக்குக் கன்னடம் தெரியாது. தமிழ்நாட்டுப் பாட்டி எதற்குக் கன்னடம் பேசுகிறார் என்றும் தெரிந்திருக்காது. ஆனால் தட்டு தெரிந்தது. மகள் களியைப் பிட்டு வாயில் போடுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

அன்று இரவுக்குள் அப்படி ஆறு வீட்டுக்குப் போன் போயிற்று. கடைசிப் போனில் 71 வயதுக்காரரும் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். பெட்டிகள் அவிழ்க்கப்பட்டன. லெட்டர் எழுதப்படவே இல்லை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே நிற்க ஆரம்பித்தது. தெரு முனையிலிருந்து வீடு வரை ராத்திரியில் துணைக்கு நடக்க, தெருவில் முறை போட்டுக்கொண்டார்கள். கருவாடு மட்டும் பிரச்னையாகவே இருந்தது. ஞாயிறு மதியம் மட்டும் என்று ஒப்பந்தமாகி, அஜ்ஜி வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று முடிந்தது.

லிஸ்கார்ட் சொன்ன பள்ளம் பொய்யா? இல்லை. அதே வருஷம் மே, ஜூனில், எட்டாவது மாதத்தில் இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஒருத்தி சொன்ன காரணம்: “இங்கே மழை வாசனை வேற மாதிரி இருக்கு.” இதற்கு எந்த ஹெச்.ஆர். மேனேஜர் பதில் சொல்வார்? பஸ் பிடிக்கத் தெரிந்துவிட்டது, தமிழ் வந்துவிட்டது, சம்பளம் வங்கியில் ஏறுகிறது. மனசு ஏறவில்லை. வார்ட் அம்மையார் பிரித்துக் காட்டியது இதைத்தான். போனவள் மூன்று மாதம் கழித்துப் போன் செய்தாள். ஊரில் சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம். கொஞ்சம் புளி அனுப்ப முடியுமா?

இந்தப் பக்கத்தில் இதை யோசித்துச் செய்தவர்கள் முன்பே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1980-களில் ஓசூரில் டைட்டன் வாட்ச் ஆலை வந்தபோது, சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படிப்பு முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது. பலர் கிராமத்தை விட்டு வந்ததே முதல் தடவை. அவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்ததோடு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் மாதிரி ஆட்களையும் ஏற்பாடு செய்தது கம்பெனி. சோறு போட, அதட்ட, காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க. நம் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள், அவர்களுக்கே அது தேவைப்பட்டது. இப்போது 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற பெண்ணுக்கு ஒரு கட்டில், ஒரு பக்கெட், ஓர் அடையாள அட்டை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது நல்ல காரியம்தான். ஆனால் 2025 நவம்பரில் எங்கள் ஓசூர்ப் பக்கம் நாகமங்கலத்தில், பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா கிடைத்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் திரண்டு வந்து போராடினார்களே… கட்டடம் கட்டுகிறவர்கள் அஜ்ஜிக்கு எந்த பட்ஜெட் தலைப்பில் பணம் ஒதுக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்த அக்கவுன்டன்ஸியில் அப்படி ஒரு தலைப்பு இல்லை.

எட்டில் இரண்டு பேர்தான் இப்போதும் மாடியில் இருக்கிறார்கள். மூத்தவள் இன்று லைன் லீடர். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் ‘ங்க’. அதை ஆலைக்குள்ளும் அமல்படுத்தப் பார்க்கிறாள். சூப்பர்வைசர் ஒருவர் ‘சீக்கிரம்’ என்று கத்தினால், “சீக்கிரம்ங்க” என்று திருத்துகிறாளாம். அவர் முறைக்கிறார். இவள் சிரிக்கிறாள். இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

போன மாதம் மாடிக்குப் புதிதாக நாலு பேர் வந்திருக்கிறார்கள். இம்முறை அஸ்ஸாம். அஜ்ஜிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அது எங்கே இருக்கிறது, என்ன பாஷை, கருவாடு உண்டா, களி தின்பார்களா? தெரிந்தவரை சொன்னேன். எதிலும் திருப்தியில்லை. கடைசியில், “அவுங்க ஊர்ல யானை உண்டா?” என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது முக்கியம். யானைக் கூட்டம் ராகிக் கொல்லையில் இறங்கினால் தகரம் தட்டி விரட்டுகிற ஊர் இது. ஜார்க்கண்ட் பெண்களும் அதே தகரத்தைத் தட்டி வளர்ந்தவர்கள்.

“அஸ்ஸாமில் யானைக்கா பஞ்சம் அஜ்ஜி?” என்றேன்.

“அப்ப சரி” என்று முறத்தை எடுத்துக்கொண்டார்.